நாயின் புலன்கள்

நாயின் மூக்குக்கு மூச்சு விடுவது ஒரு வேலை, மோப்பம் பிடிப்பது இன்னொரு வேலை. மனித மூக்கும் இவ்விரண்டையும் செய்கிறது என்றாலும் அங்கே இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே வழிதான். உள்ளே இழுத்த காற்றில் ஒரு சிறு பகுதி மூக்கின் கூரையில் உள்ள மோப்பப் பரப்பைத் தொட்டுவிட்டுப் போகிறது. அடுத்த மூச்சில் வந்த வழியே வெளியேறிவிடுகிறது. நாயின் மூக்கிலோ வழி இரண்டாகப் பிரிகிறது. நாசித் துளைக்குள் புகுந்த காற்றில் பெரும்பகுதி கீழ்வழியாக நுரையீரலுக்குப் போகிறது. ஏறத்தாழ 12 முதல் 13 விழுக்காடு மட்டும் மேல்வழியாகச் சென்று, மூக்கின் பின்கோடியில் இருக்கும் தனி அறை ஒன்றை அடைகிறது. மோப்ப ஏற்பிகள் நிறைந்திருப்பது அந்த அறையில்தான்.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரென்ட் கிரேவன், எரிக் பேட்டர்சன், கேரி செட்டில்ஸ் ஆகியோர் லாப்ரடார் நாய் ஒன்றின் மூக்கை எம்.ஆர்.ஐ. படமெடுத்து, அதனுள் காற்று ஓடும் பாதையைக் கணினியில் உருவாக்கிப் பார்த்தனர். 2010-இல் வெளிவந்த அந்த ஆய்வுதான் இந்தப் பிரிவினையைத் தெளிவாகக் காட்டியது. பின் அறைக்குள் போன காற்று, நாய் மூச்சை வெளியே விடும்போதுகூட அங்கேயே தங்கிவிடுகிறது. அடுத்தடுத்து முகரும்போது புதிய காற்று வந்து சேருகிறதே தவிர, உள்ளே இருக்கும் மணம் அடித்துச் செல்லப்படுவதில்லை. மணத்தின் மூலக்கூறுகள் ஏற்பிகளில் படிய இதனால் நேரம் கிடைக்கிறது.

முகர்வது என்பது ஆழ்ந்த மூச்சு அன்று. நாய் நொடிக்கு ஐந்து முறை அளவில் சிறு சிறு மூச்சுகளாக இழுத்து விடுகிறது. நாசித் துளையின் பக்கவாட்டில் ஒரு பிளவு இருப்பதை உற்றுப் பார்த்தால் காணலாம். வெளிவிடும் காற்று அந்தப் பிளவு வழியாகப் பக்கவாட்டிலும் பின்னோக்கியும் பீய்ச்சியடிக்கிறது. முகரப்படும் பொருளின் மேல் அது நேராகப் படாததால் மணம் கலைவதில்லை. மாறாக, அந்த ஓட்டம் முன்னாலிருக்கும் காற்றை மூக்கை நோக்கி இழுக்கவும் உதவுகிறது. இரண்டு நாசித் துளைகளும் தத்தம் பக்கத்துக் காற்றைத் தனித்தனியே எடுப்பதால், மணம் இடப்பக்கம் கூடுதலா வலப்பக்கம் கூடுதலா என்பதையும் நாயால் ஒப்பிட முடிகிறது.

இத்தாலியின் பாரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-இல் இன்னொரு வேறுபாட்டைக் கண்டனர். அறிமுகமில்லாத மணத்தை நாய் முதலில் வலது நாசியால் முகர்கிறது. அது உணவு போன்ற தீங்கற்ற மணமாக இருந்தால், பழகப் பழக இடது நாசிக்கு மாறிவிடுகிறது. அட்ரினலின், கால்நடை மருத்துவரின் வியர்வை போன்ற கலக்கம் தரும் மணங்களுக்கு மட்டும் வலது நாசியே தொடர்கிறது. மோப்ப நரம்புகள் பெரும்பாலும் அதே பக்கத்து மூளைக்குச் செல்கின்றன. அச்சம், கிளர்ச்சி போன்றவற்றை வலது மூளை கூடுதலாகக் கையாள்கிறது என்ற கருத்துக்கு இது பொருந்துகிறது.

மூக்கின் உள்ளே சுருட்டி வைத்த ஓலைகளைப் போல மெல்லிய எலும்புகள் அடுக்கடுக்காக மடிந்து கிடக்கின்றன. சிறிய இடத்துக்குள் பெரிய பரப்பை அடக்கும் அமைப்பு இது. மனிதனின் மோப்பப் பரப்பு சில சதுர சென்டிமீட்டர்தான். ஜெர்மன் ஷெப்பர்டு போன்ற நாயில் அது 150 சதுர சென்டிமீட்டர் அளவுக்கு விரிகிறது. மனிதனுக்கு 50 அல்லது 60 லட்சம் மோப்பச் செல்கள் உள்ளன என்று கணக்கிட்டால், நாய்க்கு இனத்தைப் பொறுத்து 12 கோடி முதல் 30 கோடி வரை சொல்கிறார்கள். இந்தச் செல்களின் நரம்பிழைகள் சல்லடை எலும்பு எனப்படும் துளைகள் நிறைந்த தகட்டின் ஊடே சென்று, மூளையின் முன்பக்கம் உள்ள மோப்பக் குமிழை அடைகின்றன. மூளையின் மொத்த அளவோடு ஒப்பிட்டால் நாயின் மோப்பக் குமிழ் மனிதனுடையதைவிடப் பன்மடங்கு பெரியது.

செல்களின் எண்ணிக்கையைவிட அவற்றின் வகைகள் இன்னும் முக்கியம். ஒவ்வொரு மோப்பச் செல்லும் ஒரே வகை ஏற்பியைத் தாங்கி நிற்கிறது. ஒவ்வொரு வகைக்கும் ஒரு மரபணு உண்டு. நாயின் மரபணுத் தொகுப்பில் மோப்ப ஏற்பி மரபணுக்கள் 1,100 அளவில் உள்ளன. அவற்றில் ஐந்தில் ஒரு பங்கு செயலிழந்தவை. மனிதனுக்கு 800 அளவில் இருந்தாலும், பாதிக்கு மேல் செயலிழந்துபோய், வேலை செய்பவை சுமார் 400 மட்டுமே. ஒரு மணம் என்பது பல ஏற்பிகள் ஒருசேரத் தூண்டப்படுவதால் உருவாகும் கோலம். ஏற்பி வகைகள் இரு மடங்கானால், உருவாகக்கூடிய கோலங்கள் கணக்கற்றுப் பெருகுகின்றன.

நுண்ணளவைக் கண்டறிவதில் நாய் எட்டும் எல்லையும் அளக்கப்பட்டிருக்கிறது. வாழைப்பழ வாடை கொண்ட அமைல் அசிட்டேட் என்ற சேர்மத்தை, காற்றில் ஒரு லட்சம் கோடிப் பங்குக்கு ஒன்று அல்லது இரண்டு பங்கு இருந்தாலே இரண்டு நாய்கள் கண்டுபிடித்தன என்று 2006-இல் வெளியான ஆய்வு ஒன்று தெரிவித்தது. நாயின் மோப்பம் மனிதனுடையதைவிட இத்தனை ஆயிரம் மடங்கு, இத்தனை லட்சம் மடங்கு என்று அடிக்கடி எழுதப்படும் எண்கள் இத்தகைய அளவீடுகளிலிருந்து பிறப்பவை. ஆனால் அப்படி ஒரே எண்ணில் அடக்குவது சரியன்று. மணத்துக்கு மணம் அந்த இடைவெளி மாறுகிறது. விலங்குக் கொழுப்பிலிருந்து வரும் அமிலங்களில் நாய் வெகுதூரம் முன்னே நிற்கிறது. பழமும் பூவும் சார்ந்த சில மணங்களில் மனிதன் நாய்க்குச் சளைத்தவன் அல்லன். மனித மோப்பம் மிக மட்டமானது என்ற நம்பிக்கையே 19-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு உடற்கூறியலாளர் பால் புரோக்காவின் கருத்துகளிலிருந்து வளர்ந்த மிகை என்று, ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜான் மெக்கான் 2017-இல் விரிவாக வாதிட்டார். புல்தரையில் போட்ட சாக்லேட் மணத் தடத்தை, மண்டியிட்டுத் தரையோடு மூக்கை வைத்து மனிதர்களே பின்தொடர்ந்த பரிசோதனையும் கலிஃபோர்னியாவில் நடந்திருக்கிறது. நாயை மனிதனிடமிருந்து பிரித்துக் காட்டுவது வெறும் நுண்ணுணர்வு அன்று; மூக்கைத் தரையில் வைத்து வாழும் வாழ்வும், வரும் மணங்களைச் சலித்துப் பிரிக்கும் மூளையும் சேர்ந்ததே அதன் திறன்.

தடம் பிடித்துச் செல்லும் திறனில் இது நன்றாக வெளிப்படுகிறது. மனித உடலிலிருந்து நிமிடத்துக்குப் பல்லாயிரம் தோல் செல்கள் உதிர்கின்றன. வியர்வையும் தோல் எண்ணெயும் நுண்ணுயிரிகளும் ஒட்டிய அந்தத் துகள்கள் நடந்த வழியெல்லாம் விழுகின்றன. காலடியில் நசுங்கிய புல்லும் கிளறப்பட்ட மண்ணும் தம் பங்குக்கு மணத்தைச் சேர்க்கின்றன. இந்தத் தடத்தை நாய் கண்டுபிடிப்பதில் வியப்பில்லை. தடத்துக்குக் குறுக்கே வந்து சேர்ந்த நாய், ஆள் எந்தத் திசையில் போனார் என்பதை எப்படி அறிகிறது என்பதே கடினமான கேள்வி.

நார்வே ஆய்வாளர்கள் 1993-இல் இதைப் படம்பிடித்து ஆராய்ந்தனர். நாய் முதலில் வேகமாக அலைந்து தேடுகிறது. தடம் கிடைத்ததும் வேகத்தைக் குறைத்து, மூன்று முதல் ஐந்து நொடிகளுக்குள் சில காலடிகளை மட்டும் முகர்ந்து முடிவுக்கு வருகிறது. பிறகு சரியான திசையில் உறுதியாக நடக்கிறது. பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தின் பீட்டர் ஹெப்பர், டெபோரா வெல்ஸ் இருவரும் 2005-இல் இதை இன்னும் நுணுக்கமாகச் சோதித்தார்கள். திசையை அறிய நாய்க்கு ஐந்து காலடிகள் தேவைப்பட்டன. அதற்குக் குறைந்தால் முடியவில்லை. முதல் காலடிக்கும் ஐந்தாம் காலடிக்கும் இடையே கழிவது ஓரிரு நொடிதான். அந்த நொடிகளில் மணம் ஆவியாகி மங்கும் வேறுபாட்டை, எத்தனையோ நிமிடங்கள் கழித்து வரும் நாய் ஒப்பிட்டுப் பழையதிலிருந்து புதியதை நோக்கித் திரும்புகிறது. நாயின் மோப்பத்தைப் பற்றிச் சொல்லப்படும் கதைகள் பலவற்றைவிட, ஆய்வகத்தில் உறுதியான இந்த ஒன்று வியப்புக்குரியது.

ஒருவரின் மணத்தை மற்றொருவரின் மணத்திலிருந்து பிரிப்பதிலும் நாய் தேர்ந்தது. ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையர்களின் மரபணுக்கள் ஒன்றே. அவர்கள் ஒரே வீட்டில் வாழ்ந்து, ஒரே உணவு உண்டாலும், செக் நாட்டின் பயிற்சி பெற்ற ஜெர்மன் ஷெப்பர்டு நாய்கள் அவர்களைப் பிழையின்றிப் பிரித்துக் காட்டின. 2011-இல் வெளியான இந்த ஆய்வு, முன்பு தோல்வியடைந்த சில முயற்சிகளுக்கு நாயின் இயலாமையைவிடப் பயிற்சிக் குறைவே காரணமாக இருந்திருக்கலாம் என்ற எண்ணத்தை வலுப்படுத்தியது.

நோயை முகர்ந்து கண்டுபிடிக்கும் முயற்சிகள் 1989-இல் தொடங்கின என்று சொல்லலாம். அவ்வாண்டு 'தி லான்செட்' மருத்துவ இதழில் வெளியான சிறு கடிதம் ஒன்று, தன் காலிலிருந்த மச்சத்தை வளர்ப்பு நாய் விடாமல் முகர்ந்ததால் மருத்துவரிடம் சென்ற பெண்ணைப் பற்றிச் சொன்னது. அந்த மச்சம் தோல் புற்றுநோய் என்று தெரியவந்தது. 2004-இல் இங்கிலாந்தில் ஆறு நாய்களுக்குச் சிறுநீர்ப்பைப் புற்றுநோயாளிகளின் சிறுநீரை முகரப் பயிற்சி அளித்து முறையான சோதனை நடந்தது. ஏழு மாதிரிகளில் ஒன்று நோயாளியுடையது. குருட்டாம்போக்கில் தேர்ந்தால் 14 விழுக்காடுதான் சரியாக அமையும். நாய்கள் 54 முயற்சிகளில் 22 முறை, அதாவது 41 விழுக்காடு, சரியாகக் காட்டின. பயிற்சியின்போது, நோயற்றவர் என்று கருதப்பட்ட ஒருவரின் மாதிரியை நாய்கள் மீண்டும் மீண்டும் சுட்டின. அவரை மறுபடி பரிசோதித்தபோது சிறுநீரகத்தில் புற்றுநோய் இருந்தது. அந்த ஒருவருக்கு நாயின் மூக்கு உயிர் காத்திருக்கலாம். ஆனால் 41 விழுக்காடு என்பது மருத்துவமனையில் நம்பிப் பயன்படுத்தும் அளவன்று என்பதும் உண்மை.

மலேரியாவில் முடிவு மேம்பட்டது. காம்பியா நாட்டுக் குழந்தைகள் அணிந்த காலுறைகளை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்து சோதித்ததில், காய்ச்சல் ஏதும் இல்லாமல் கிருமியை மட்டும் சுமந்த குழந்தைகளில் 70 விழுக்காட்டினரை நாய்கள் இனங்கண்டன. கிருமி இல்லாதவர்களை 90 விழுக்காடு சரியாக விலக்கின. கோவிட் பரவிய காலத்தில் ஹெல்சின்கி விமான நிலையத்தில் மோப்ப நாய்கள் நிறுத்தப்பட்டன. இந்திய ராணுவம் 2021-இல் இதே பணிக்குப் பயிற்றுவித்த நாய்களில் தமிழ்நாட்டின் சிப்பிப்பாறை இனமும் இருந்தது. பார்வையால் துரத்தி வேட்டையாடப் பெயர்பெற்ற இனம் அது. மோப்பத்துக்கென்றே உள்ள இனங்கள் என்ற பழைய பாகுபாட்டை ஆய்வுகளும் தளர்த்தியிருக்கின்றன. 2015-இல் நடந்த ஒரு மோப்பச் சோதனையில், சப்பை மூக்குப் பக் நாய்கள் ஜெர்மன் ஷெப்பர்டுகளை விஞ்சின. ஆர்வமும் விடாமுயற்சியும் கற்கும் விருப்பமும் சேராவிட்டால் மூக்கின் அளவு மட்டும் உதவாது.

மனிதரின் மனநிலையும் மணமாக வெளிப்படுகிறது. பெல்ஃபாஸ்ட் ஆய்வாளர்கள் 2022-இல், கடினமான மனக்கணக்கு போடச் சொல்லிப் பதற்றப்படுத்தியவர்களின் மூச்சையும் வியர்வையையும், அதே ஆட்கள் கணக்குக்கு முன் இருந்த நிலையிலான மாதிரிகளோடு சேர்த்து நான்கு நாய்களுக்குக் கொடுத்தனர். பதற்றத்தின் மாதிரியை அவை 90 விழுக்காட்டுக்கு மேல் சரியாகத் தேர்ந்தன. கால்நடை மருத்துவமனைக்குள் நுழையும்போதே நாய் கலங்குவதற்கு, முன்பு அங்கே வந்துபோன நாய்களும் மனிதர்களும் விட்டுச்சென்ற மணம் ஒரு காரணமாக இருக்கக்கூடும்.

கண்ணிவெடி தேடும் பணியில் நாயின் பயன் தெளிவானது. உலோகம் காட்டும் கருவி மண்ணில் கிடக்கும் ஒவ்வொரு ஆணிக்கும் தகரத்துக்கும் ஒலியெழுப்பும். நாய் வெடிமருந்திலிருந்து கசியும் ஆவியை மட்டும் தேடுகிறது. டி.என்.டி. என்ற வெடிமருந்தைவிட, அதில் கலந்துள்ள துணைச் சேர்மங்கள் எளிதில் ஆவியாகி மண்ணின் மேற்பரப்புக்கு வருவதால் பெரும்பாலும் அவற்றின் மணமே வழிகாட்டுகிறது. போருக்குப் பின் இலங்கையின் வடக்கில் நடந்த கண்ணிவெடி அகற்றும் பணியிலும் மோப்ப நாய்கள் உழைத்தன. கடலிலும் இத்திறன் பயன்படுகிறது. கனடாவின் ஃபண்டி விரிகுடாவில், படகின் முனையில் நின்ற நாய்கள் ஒரு கடல் மைலுக்கும் அப்பால் மிதந்த திமிங்கிலச் சாணத்தை மோப்பம் பிடித்து, படகை அதனிடம் கொண்டு சேர்த்தன. விலங்கைத் தொடாமலே அதன் உணவு, சினை, நலம் ஆகியவற்றை அறிய அந்தச் சாணம் உதவியது.

இந்த வெற்றிகளுக்கு இடையே இரண்டு தடைகள் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. முதலாவது வெப்பம். நாய் தோல் வழியே வியர்த்துக் குளிர்வதில்லை. வாயைத் திறந்து இளைத்துத்தான் சூட்டைத் தணிக்கிறது. இளைக்கும்போது ஒழுங்காக முகர முடியாது. இஸ்ரேலில் 2003-இல் வெளியான ஆய்வொன்று, ஓடிக் களைத்து இளைக்கும் நாய்கள் வெடிமருந்தைத் தவறவிடுவது அதிகரிப்பதைக் காட்டியது. வெயில் கடுமையான நாடுகளில் மோப்ப நாய்களை விடியற்காலையிலும் மாலையிலும் பயன்படுத்துவதும், இடையிடையே ஓய்வும் தண்ணீரும் கொடுப்பதும் இதனால்தான் கட்டாயமாகின்றன.

இரண்டாவது தடை மனிதர். கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகம் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், போதைப்பொருளும் வெடிபொருளும் தேடும் 18 நாய்களும் அவற்றை நடத்துபவர்களும் பங்கேற்றனர். சில இடங்களில் சிவப்புத் தாள் ஒட்டி, அங்கே மணம் வைக்கப்பட்டிருக்கிறது என்று நடத்துபவர்களிடம் சொல்லப்பட்டது. உண்மையில் எங்குமே எதுவும் வைக்கப்படவில்லை. 144 தேடல்களில் தவறான அறிவிப்பே இல்லாமல் முடிந்தவை 21 மட்டுமே. மொத்தம் 225 பொய் அறிவிப்புகள். நடத்துபவரின் கண்ணோட்டமும் நடையின் தயக்கமும் நாயைத் தூண்டியிருக்கலாம்; அல்லது நாய் காட்டியதாக நடத்துபவரே நம்பியிருக்கலாம். எப்படியாயினும், நீதிமன்றத்தில் ஒருவரின் விடுதலையைத் தீர்மானிக்கும் சான்றாக நாயின் சைகையை மட்டும் நிறுத்துவது ஆபத்து. மணம் இருக்கும் இடத்தை நடத்துபவரும் அறியாதபடி சோதித்துத் தேறிய நாயைத்தான் நம்பலாம்.

மேலண்ணத்தில், முன்பற்களுக்குச் சற்றுப் பின்னால், நாய்க்கு இன்னொரு முகர் உறுப்பு உண்டு. டென்மார்க்கின் லுட்விக் ஜேக்கப்சன் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விவரித்ததால் அது ஜேக்கப்சன் உறுப்பு எனப்படுகிறது. காற்றில் எளிதில் பரவாத, ஈரத்தில் கரைந்த பெரிய மூலக்கூறுகளை அது உணர்கிறது. மற்ற நாயின் சிறுநீரை நக்கிவிட்டுத் தாடையை நடுக்கிக்கொண்டு நிற்கும் நாய், அந்த மூலக்கூறுகளை இந்த உறுப்புக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. பருவம், பாலினம், அடையாளம் ஆகிய செய்திகள் இவ்வழியே வருகின்றன. நாய்கள் ஒன்றையொன்று பின்புறம் முகர்வதும் குதப் பைகளின் சுரப்பில் உள்ள இத்தகைய செய்திகளுக்காகவே. தன் மணம் எது என்பதையும் நாய் அறியும்: நியூயார்க்கின் அலெக்ஸாண்ட்ரா ஹொரோவிட்ஸ் 2017-இல் காட்டியபடி, தன் சிறுநீரோடு வேறு மணம் கலந்திருந்தால் நாய் அதைக் கூடுதல் நேரம் முகர்கிறது.

செவியில் நாயின் மேன்மை மேல்வரம்பில்தான் இருக்கிறது. மனிதச் செவி 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். வயது ஏற ஏற அதுவும் குறையும். நாய் 45,000 ஹெர்ட்ஸ் அளவு வரை கேட்கிறது. தாழ்ந்த ஒலியில் மனிதனே சற்று முந்துகிறான். இந்த வேறுபாட்டை முதலில் வெளிப்படுத்தியவர்களில் ஒருவர் பிரிட்டனின் பிரான்சிஸ் கால்டன். மிக உயர்ந்த ஒலியெழுப்பும் ஊதலைச் செய்து, கைத்தடியின் முனையில் பொருத்தி, கைப்பிடியில் இருந்த ரப்பர் குமிழை அழுத்தியபடி அவர் விலங்குக் காட்சிச்சாலையிலும் தெருக்களிலும் நடந்தார். எந்த விலங்கு காதைத் திருப்புகிறது என்று கவனித்தார். இன்றைய நாய் ஊதலின் மூலம் அதுவே. உடல் பெரிதானால் செவிப்பறை பெரிதாகி உயர்ந்த ஒலி கேட்காமல் போகும் என்ற ஊகத்தை அமெரிக்காவின் ஹென்றி ஹெஃப்னர் 1983-இல் சோதித்தார். உள்ளங்கையளவு சிவாவாவுக்கும் மலைநாய் செயின்ட் பெர்னார்டுக்கும் மேல்வரம்பில் குறிப்பிடத்தக்க வேறுபாடே இல்லை.

எலிகள் தமக்குள் எழுப்பும் ஒலிகளில் பல மனிதச் செவிக்கு எட்டாத 22,000 ஹெர்ட்ஸிலும் அதற்கு மேலும் உள்ளன. சிறு விலங்குகளை இரையாகக் கொண்ட முன்னோர்களின் செவி அந்த எல்லைக்கு நீண்டிருப்பது இயல்பே. ஆனால் ஒலி வரும் திசையைக் கணிப்பதில் மனிதன்தான் கெட்டிக்காரன். மனிதன் ஏறத்தாழ ஒரு பாகைத் துல்லியத்தில் சொல்வதை நாய் எட்டுப் பாகை அளவில்தான் சொல்கிறது. தலையைச் சாய்ப்பதும், தனித்தனியே அசையும் காதுகளைத் திருப்புவதும் அதற்குத் துணை.

செவியின் குறை ஒன்றும் இனவளர்ப்போடு பிணைந்திருக்கிறது. உட்செவியின் செல்கள் உயிரோடு இருக்க நிறமிச் செல்கள் வேண்டும். உடல் முழுவதும் வெண்மையாக்கும் மரபணு சில நேரம் அந்த நிறமிச் செல்களையும் உட்செவிக்கு வராமல் தடுத்துவிடுகிறது. டால்மேஷன் நாய்களில் பிறவிச் செவிட்டுத்தன்மை மிகுதியாக இருப்பது இதனால். வெள்ளை நிறத்துக்காகவே விரும்பப்படும் ராஜபாளையம் நாய்களிலும் செவிடு பிறப்பதை வளர்ப்பவர்கள் அறிவார்கள். நிறத்தை மட்டும் பார்த்து இணைசேர்ப்பதன் விலையை அந்தக் குட்டிகள் சுமக்கின்றன.

நாய்க்கு எல்லாமே கறுப்பு வெள்ளையாகத் தெரியும் என்ற நம்பிக்கை 1989-இல் முடிவுக்கு வந்திருக்க வேண்டும்; இன்னும் வரவில்லை. அவ்வாண்டு ஜே நைட்ஸ், டிமதி கீஸ்ட், ஜெரால்டு ஜேக்கப்ஸ் ஆகியோர் மூன்று நாய்களை நிறப் பலகைகளைத் தொடப் பழக்கி, அவற்றின் விழித்திரையில் இரண்டு வகைக் கூம்புச் செல்கள் இருப்பதை நிறுவினர். ஒன்று நீல ஊதாப் பக்கம் 429 நானோமீட்டரிலும், மற்றது மஞ்சள் பச்சைப் பக்கம் 555 நானோமீட்டரிலும் கூர்மையாகத் தூண்டப்படுகிறது. மனிதனுக்கு மூன்று வகை. ஆகவே நாய் நீலத்தையும் மஞ்சளையும் நன்கு பிரிக்கும். சிவப்பும் பச்சையும் அதற்கு ஒரே மாதிரியான மங்கிய மஞ்சள் சாயல். பச்சைப் புல்லில் எறிந்த சிவப்புப் பந்தை நாய் கண்ணால் காணாமல் மூக்கால் தேடுவது இதனால்தான். நீலப் பந்து அதற்கு உடனே புலப்படும்.

கூர்மையிலும் நாய்க் கண் பின்தங்கியதே. மனிதன் 75 அடி தொலைவிலிருந்து பிரித்தறியும் விவரத்தை நாய் 20 அடிக்கு வந்தால்தான் பிரித்தறியும் என்பது பொதுவான மதிப்பீடு. இழந்ததற்கு ஈடாக அது பெற்றது இருளும் அசைவும். விழித்திரையில் மங்கிய ஒளிக்கான குச்சிச் செல்கள் நிறைந்திருக்கின்றன. அதன் பின்னே உள்ள பளபளப்பான படலம், ஏற்பிகளில் படாமல் தப்பிய ஒளியைத் திருப்பியனுப்பி மறுபடி ஒரு வாய்ப்பு தருகிறது. இரவில் வண்டி விளக்கில் நாயின் கண் பச்சையாக மின்னுவது அந்தப் படலம். அசைவைப் பொறுத்தவரை, 1936-இல் காவல் நாய்களிடம் செய்த சோதனையில், அசையும் பொருளை 800 மீட்டருக்கு மேல் கண்டுகொண்ட நாய்கள் அதே பொருள் அசையாமல் இருந்தால் 600 மீட்டருக்குள் வந்தால்தான் கண்டன. விளக்கின் மினுக்கத்தையும் நாய் மனிதனைவிட வேகமாக உணரும். பழைய படக்குழாய்த் தொலைக்காட்சியின் நொடிக்கு 50 மினுக்கங்கள் மனிதனுக்குத் தொடர்ந்த படமாகத் தெரிந்தாலும் நாய்க்கு விட்டுவிட்டு ஒளிர்வதாகத் தெரிந்திருக்கும்.

எல்லா நாய்களுக்கும் ஒரே கண் இல்லை என்பதை சிட்னி பல்கலைக்கழகத்தின் பால் மெக்ரீவி குழுவினர் 2004-இல் கண்டனர். மூக்கு நீண்ட நாய்களில் விழித்திரையின் நரம்புச் செல்கள் கிடைமட்டப் பட்டையாகச் செறிந்திருக்கின்றன. அடிவானம் முழுவதையும் ஒரே பார்வையில் அளக்க அது ஏற்றது. மூக்குச் சப்பையான நாய்களில் அவை நடுவே ஓரிடத்தில் குவிகின்றன. எதிரே உள்ள முகத்தை உற்றுப் பார்க்க அது உதவும். திறந்த வெளியில் முயலைக் கண்ணால் கண்டு துரத்தும் கிரேஹவுண்டு, தென்தமிழகத்தின் சிப்பிப்பாறை, கன்னி ஆகிய வேட்டை நாய்கள் எல்லாம் நீள் மூக்கு வகையைச் சேர்ந்தவை.

சுவையில் நாய் ஏழை. மனிதனுக்கு 9,000 சுவைமொட்டுகள் என்றால் நாய்க்கு 1,700 அளவில்தான். இனிப்பை அது உணரும், பூனை உணராது. உணவைத் தேர்வதில் மூக்குதான் பெரும்பங்கு வகிக்கிறது. தாய் கருவுற்றிருக்கும்போது சோம்பு கலந்த உணவு தின்றால், பிறந்த குட்டிகள் சோம்பு மணத்தை நாடுகின்றன என்று ஹெப்பரும் வெல்ஸும் 2006-இல் காட்டினர். கண்ணும் காதும் திறக்க இரண்டு வாரம் ஆகும் குட்டிக்கு, மோப்பப் பாடம் கருப்பையிலேயே தொடங்கிவிடுகிறது.

அக்குட்டி தாயைத் தேடிச் செல்ல மணத்தோடு வெப்பமும் வழிகாட்டுகிறது. நாயின் மூக்கு நுனி ஈரமாகவும் சுற்றுப்புறத்தைவிடக் குளிர்ச்சியாகவும் இருப்பதை எல்லோரும் தொட்டு அறிந்திருப்பார்கள். குளிர்ந்த பரப்பு வெப்பக் கதிரை எளிதில் உணரும் என்ற எண்ணத்தில் சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகமும் புடாபெஸ்டின் ஓட்வோஷ் லோராண்ட் பல்கலைக்கழகமும் சேர்ந்து சோதனை செய்தன. உடற்சூட்டளவு வெதுவெதுப்பான பொருளையும் அறைவெப்பத்தில் உள்ள பொருளையும் 1.6 மீட்டர் தொலைவில் வைத்தபோது, மூன்று நாய்கள் எது வெதுவெதுப்பானது என்பதைப் பிரித்துக் காட்டின. 2020-இல் வெளியான இந்த முடிவு, இருட்டில் இரையைத் தேடும் விலங்குக்கு மூக்கு வெப்பமானியாகவும் உதவியிருக்கக்கூடும் என்ற வாய்ப்பைத் திறந்தது. முகத்தில் உள்ள மீசை முடிகளும் சாதாரண முடிகள் அல்ல. வேரில் நரம்புகள் செறிந்த அவை, கண்ணுக்கு மிக அருகே வந்து பார்வைக்கு எட்டாத பொருள்களையும் காற்றின் அசைவையும் உணர்கின்றன. அழகுக்காக அவற்றைக் கத்தரிப்பது நாயின் ஒரு புலனைக் குறைப்பதே.

புலன்கள் ஒவ்வொன்றாக விவரிக்கப்பட்டாலும் நாயின் மூளையில் அவை தனித்தனியே நிற்பதில்லை. கார்னெல் பல்கலைக்கழகம் 2022-இல் 23 நாய்களின் மூளையை எம்.ஆர்.ஐ. மூலம் ஆராய்ந்து, மோப்பக் குமிழிலிருந்து பார்வைக்கான பின்மூளைப் பகுதிக்கு நேரடி நரம்புப் பாதை இருப்பதைக் கண்டது. பார்வையிழந்த நாய்கள் வீட்டுக்குள் தடுமாறாமல் உலவுவதையும் பந்தைத் தேடி எடுப்பதையும் புரிந்துகொள்ள இது உதவுகிறது. ஜெர்மனியில் 2018-இல் நடந்த ஒரு சோதனையில், ஒரு பொம்மையின் மணத் தடத்தைத் தொடர்ந்து சென்ற நாய்கள் முடிவில் வேறொரு பொம்மையைக் கண்டபோது தயங்கின. எதைத் தேடிப் போகிறோம் என்ற எதிர்பார்ப்பு அவற்றிடம் இருந்தது என்பதற்கு அது சான்று.

கடைசியாக, மனிதனிடம் இல்லாத புலன் ஒன்று நாயிடம் இருப்பதற்கான அறிகுறிகள். 2013-இல் செக், ஜெர்மன் ஆய்வாளர்கள் 70 நாய்கள் மலம் கழித்த 1,893 தருணங்களைப் பதிவு செய்து, பூமியின் காந்தப்புலம் அமைதியாக இருந்த வேளைகளில் அவை உடலை வடக்கு தெற்காக நிறுத்த விரும்பின என்று தெரிவித்தனர். நகைப்புக்கு இடமான பொருளாகப் பலரும் எடுத்துக்கொண்ட இந்த ஆய்வு, தொடர்ந்து வந்த முக்கியமான கேள்வியின் முதற்படி. பிராகாவின் கதெரினா பெனெடிக்டோவாவும் ஹைனெக் புர்டாவும் உள்ளிட்ட குழு, 27 வேட்டை நாய்களுக்கு ஜி.பி.எஸ். பட்டை மாட்டிக் காட்டுக்குள் விட்டது. விலங்கைத் துரத்திப் பல நூறு மீட்டர் போன நாய்கள், சில நேரம் வந்த தடத்தையே முகர்ந்தபடி திரும்பின. சில நேரம் புதிய வழியில் குறுக்கே வந்தன. புதிய வழியில் திரும்பிய 223 பயணங்களில் 170-இல் நாய் முதலில் ஏறத்தாழ 20 மீட்டர் வடக்கு தெற்கு அச்சில் ஓடியது. உரிமையாளர் எந்தத் திசையில் இருந்தாலும் அந்தச் சிறு ஓட்டம் மாறவில்லை. அப்படி ஓடித் தொடங்கிய நாய்கள், ஓடாதவற்றைவிட நேரான வழியில் திரும்பின. மனத்தில் உள்ள வரைபடத்தைக் காந்தத் திசையோடு பொருத்திக்கொள்ளும் செயல் அது என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர். பறவைகளின் காந்த உணர்வோடு தொடர்புபடுத்தப்படும் கிரிப்டோகுரோம் என்ற புரதத்தின் ஒரு வகை, நாயின் விழித்திரையில் நீல ஒளிக்கான கூம்புச் செல்களில் இருப்பது 2016-இல் கண்டறியப்பட்டது. அந்தப் புரதத்துக்கும் 20 மீட்டர் ஓட்டத்துக்கும் இடையிலான தொடர்பை நிறுவுவதே இத்துறையின் அடுத்த வேலை. நாய்களின் கழுத்துப் பட்டையில் காந்தம் பொருத்தி, சுற்றியுள்ள புலத்தைக் குலைத்தால் அந்த ஓட்டம் மறைகிறதா என்று பார்ப்பது அதற்கு ஒரு வழி.